அலை காலையிலயே வந்துட்டுப் போயிருச்சு

கடக்கரையில எறங்கி நின்ன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அலையே காணோமேன்னு கேட்டாக. தொண்டிக்குத் தெக்க எங்க பக்கத்துக் கடல் அப்பிடித்தான். கண்மாய்த் தண்ணி மாதிரி சும்மா கெடக்கும். மீன் பிடிக்கிறவுக அதுக்குப் பெண்கடல்னே பேரு வச்சிருக்காக. தெரிஞ்சவன் இத ஒத்த வரியில சொல்லிருவான். தெரியாதவன் தெரியாதும்பான். எங்க கார் ஓட்டுற அண்ணன் ரெண்டும் செய்யல. "மார்னிங் கம். கோ"ன்னுட்டாரு. அலை காலையிலயே வந்துட்டுப் போயிருச்சாம்! மறுநா பொழுது விடியுமுன்ன அந்த ரெண்டு பேரும் தொப்பியும் கேமராவுமா வந்து நிக்கிறாக, அலையப் பாக்கப் போகணும்னு. வந்து நின்னது எங்கிட்ட.

காரைக்குடிக்குப் பக்கத்துல பெரிய வீடு ஒண்ண ஓட்டலா மாத்தியிருக்காக, அங்க ரிசப்ஷன்ல இருக்கேன். வர்ற விருந்தாளிக மொத நாளு தூணத் தடவிப் பாப்பாக. ரெண்டாம் நாளு ஆத்தங்குடித் தரைக்கல்லு செய்யிற எடத்துக்குப் போவாக. மூணாம் நாளு போரடிச்சுரும். பக்கத்துல பீச் இருக்கா, பறவை வருமா, காலாற நடக்கப் பாதை இருக்கான்னு ஆரம்பிப்பாக. தேவகோட்டை, திருவாடானை தாண்டி தொண்டிப் பக்கம் அனுப்பி வைப்போம். அங்க அலையாத்திக் காட்டுக்குள்ள பலகை போட்ட நடைபாதை இருக்கு. ஏறிப் பாக்க ஒரு கோபுரம் இருக்கு. மழை முடிஞ்சு போனா சேத்துல பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் கூட்டங்கூட்டமா நிக்கும். அதத் தாண்டி நடந்தா மணலு, பனை, கடலு. வேற ஆளரவம் இருக்காது. கூட்டிட்டுப் போறது இந்த அண்ணன்தான்.

ஆளு நல்ல ஒசரம். வெள்ளைச் சட்டை, தோள்ல ஈரிழைத் துண்டு. அந்தத் துண்டு இல்லாம நான் அவரப் பாத்ததே இல்ல. முகந்தொடைக்க, கார் கண்ணாடி தொடைக்க, விருந்தாளிக்கு மணல்ல விரிச்சுக் குடுக்க, எல்லாத்துக்கும் அதுதான். ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்மாரும் உளி பிடிச்சவுக. இவரு மட்டும் மரத்தூளு மூக்குக்கு ஒத்துக்கலைன்னு ஸ்டீரிங்கப் பிடிச்சுட்டாரு. ஆனா ரத்தம் போகுமா? எந்த மரத்தக் கண்டாலும் வெரல மடக்கி ரெண்டு தட்டுத் தட்டி, "பர்மா தேக்கு"ம்பாரு. எங்க ரிசப்ஷன் மேசைய ஒரு ஜெர்மன்காரருக்குத் தட்டிக் காட்டி அப்பிடித்தான் சொன்னாரு. அந்த மனுசன் குனிஞ்சு மோந்து பாக்குறாரு. அது பிளைவுட்டு. வாங்குன பில்லு அதே மேசை டிராயர்லதான் கெடந்துச்சு.

அவருக்குத் தெரியாத விசயம்னு ஒண்ணு இந்த ஒலகத்துல கெடையாது. ஒருநா சாயங்காலம் ஒரு பெரியவரு எங்க வாசல்ல வந்து, ஒக்கூருக்குப் பஸ்ஸு போயிருச்சாய்யான்னு கேட்டாரு. அண்ணன் கார் சீட்ட சாச்சுப் படுத்திருந்தவரு, கண்ணக்கூடத் தொறக்கல. "இப்ப வரும், நில்லுங்க"ன்னாரு. அந்தப் பெரியவரு நிக்கிறாரு, நிக்கிறாரு, பொழுது மசங்கிப் போச்சு. பஸ்ஸக் காணோம். அப்பறம் இவரு எந்திரிச்சாரு. மொகத்தக் கழுவுனாரு. "ஏறுங்கய்யா, நான் அங்குட்டுத்தான் போறேன்"னு சொல்லி அந்த மனுசன ஒக்கூர்ல வீட்டு வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரு. அங்குட்டு அவருக்கு ஒரு சோலியும் இல்ல. டீசல் யாருதுன்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்றதுன்னு சத்தம் போட்டேன். "வரும்னு சொல்லிட்டேன்ல தங்கச்சி, வந்தாகணும்ல"ன்னாரு. இந்த ஆள வச்சுக்கிட்டு என்ன செய்ய?

பறவை விசயத்துலதான் அவரு கொடி ரொம்பப் பறக்கும். சைபீரியான்னு ஒரு ஊரு பேரு எங்கயோ காதுல விழுந்திருக்கு. அம்புட்டுத்தான், பறக்குறது பூராம் சைபீரியாவுலருந்து வந்ததுதான். எங்க ஓட்டல் வேலியில நெதம் ஒக்காந்து கத்துற செம்போத்துகூட சைபீரியா. ஒருக்கா பெரிய கேமராவோட ஒரு அம்மா வந்தாக, டெல்லிப் பக்கம். சேத்துல செகப்புக் காலோட பவளக்காலி நிக்குது. இது என்னன்னு கேட்டிருக்காக. "இது மாப்பிள்ளை உள்ளான். பின்னால தலையக் குனிஞ்சுக்கிட்டு வருது பாருங்க, அது பொண்ணு. போன வாரந்தான் சோடி சேந்துச்சு." அந்தம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தப்ப, அந்தக் கல்யாணத்தப் பத்தி இன்னுங் கொஞ்சம் சொல்லுங்கன்னு எங்கிட்டக் கேக்குறாக. நான் இங்கிலீசுல முழிச்சேன், இந்தியிலயும் முழிச்சேன். ஊருக்குப் போயி, டிரைவருக்குப் பறவைகளப் பத்தி அபார ஞானம்னு இண்டர்நெட்டுல அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டாக.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் வேதக்கோயிலுக்குப் போற குடும்பம். பத்துக் கட்டளையும் சின்னதுலயே மனப்பாடம். அதோட, எங்க அய்யா வாத்தியாரு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றவனுக்குத்தான் அடுத்த தடவை தெரியும்னு சொல்லிச் சொல்லி வளத்த மனுசன். அதனால பொய்யின்னா எனக்கு ஒடம்பெல்லாம் எரியும்.

"ஏண்ணே, கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பீகளா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? வாய் சுளுக்கிக்கிருமா?"

அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "அவுக எம்புட்டுத் தொலைவுலருந்து வந்திருக்காக. தெரியாதுன்னு சொல்லி வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"ன்னாரு.

"அதுக்காக எதையாச்சும் கையில திணிச்சு அனுப்புவீகளா?"

"எதையாச்சும் இல்ல. நல்லதாப் பாத்துத்தான் குடுக்கேன்."

அவருகிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்லணும். விருந்தாளிக யாரும் அவரு மேல ஒரு புகாரும் சொன்னதில்ல. அலை பாக்க எந்திரிச்சு வந்த அந்த ரெண்டு பேரக்கூட அந்தக் காலையிலயே கூட்டிட்டுப் போயி, தண்ணிக்குள்ளருந்து சூரியன் கெளம்புறதக் காட்டியிருக்காரு. திரும்பி வந்தவுக அலையப் பத்தி மூச்சு விடல. சிரிச்ச முகமாச் சாப்பிட்டுட்டுப் போனாக. எனக்கு அதுலயும் எரிச்சல்தான்.

அப்பத்தான் அந்த மலேசியாப் பிள்ளை வந்துச்சு. முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், பல் டாக்டர். தனியா வந்திருந்துச்சு, அதனால தொணைக்கு ஒரு பொம்பளை வந்தா நல்லதுன்னு என்னையும் காருல ஏத்திக்கிருச்சு. அது பீச் பாக்க வரல, பறவை பாக்கவும் வரல. அதோட அப்பாவுக்குத் தாத்தா இந்தக் கரையிலருந்துதான் தோணி ஏறி, இலங்கைக்குப் போயி, அங்கருந்து கப்பல்ல மலேயா போனாராம். எந்த எடம்னு யாருக்கும் தெரியாது. தொண்டிக்குத் தெக்க, கடலுக்குப் பக்கத்துலயே ஒரு நல்ல தண்ணிக் கெணறு இருந்துச்சாம். அதுல ரெண்டு கை தண்ணி குடிச்சுட்டு, "சீக்கிரம் வந்துருவேன் ஆத்தா"ன்னு பெத்தவகிட்டச் சொல்லிட்டு ஏறுனாராம். வரவே இல்ல. ஆத்தா ரொம்ப நாளு அந்தக் கெணத்தடிக்கு வந்து வந்து நின்னுட்டுப் போகுமாம். ஊர்க்காரவுக யாரோ மலேயாவுக்கு வந்தப்ப சொல்லியிருக்காக.

"அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைங்க அக்கா. எங்க குடும்பத்துல யாராவது ஒருத்தர் அந்த இடத்துல நின்னு, வந்துட்டோம்னு சொல்லணும். அவ்வளவுதான்"னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு.

காலையிலருந்து தேடுனோம். தொண்டியில வலை பின்னிக்கிட்டிருந்தவுககிட்டக் கேட்டோம். டீக்கடையில கேட்டோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்த வயசாளிககிட்டக் கேட்டோம். அவுகளும் பாவம், ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் கைய விரிச்சாக. எத்தனையோ கெணறு தூந்து போச்சும்மா, எதன்னு சொல்றதுன்னு கேட்டாக. தெக்க வர வர ஒவ்வொரு ஊர்லயும் அதே பதில்தான். மத்தியானத்துக்குள்ள அந்தப் பிள்ளை முகம் செத்துப்போச்சு. பலகைப் பாதையில எங்களோட நடந்துச்சு, ரெண்டு பக்கமும் அத்தன கொக்கு, ஒண்ணையும் நிமிந்து பாக்கல. அண்ணன் அதையே பாத்துக்கிட்டு வந்தாரு. அன்னைக்கு சைபீரியா வரல, ஒண்ணும் வரல. எனக்கே அது நல்லாயில்ல.

பாதை முடிஞ்சு மணல்ல எறங்குன ஒடன, திடீர்னு நின்னாரு. "அட, இங்குட்டு ஒண்ணு இருக்குல்ல!"ன்னாரு. பனைக்கூட்டத்துக்கு அங்குட்டு ஒரு கெணறு. கார் கழுவ அவரு தண்ணி எடுக்கிற கெணறுதான். "நில்லுங்க, பாம்பு கீம்பு கெடக்கான்னு பாத்துட்டு வாரேன்"னு சொல்லிட்டு முன்னால வெரசா போனாரு. வாளியில தண்ணி எறச்சு மூஞ்சியக் கழுவி, துண்ட நனைச்சுப் பிழிஞ்சு, கெணத்தோட சிமெண்டு ஒறை மேல தொங்க விட்டுட்டு, "வாங்க"ன்னு கூப்பிட்டாரு.

"இதுதாம்மா. இதேதான். எங்கப்பாரு சொல்லியிருக்காரு. அந்தா அந்தப் பனை வரைக்கும் அப்ப தண்ணி இருந்துச்சு. தோணி இங்குட்டு வந்துதான் நிக்கும்."

அவரு அப்பா கடலையே பாத்ததில்லைன்னு அவரே எங்கிட்டச் சொல்லியிருக்காரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அந்தப் பிள்ளை கெணத்துச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருச்சு. அப்பிடி ஒரு அழுகை. ஏங்கி ஏங்கி, சின்னப்பிள்ளை மாதிரி. அப்பறம் ரெண்டு கை தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு. இனிப்பா இருக்குன்னு சொல்லுச்சு. வந்துட்டோம்னு மட்டும் அது சொல்லல. "அப்பாவக் கூட்டிட்டு வர்றேன். அவர் வாயாலயே சொல்லட்டும்"னுச்சு.

பெறப்படுறப்ப அண்ணன் கடைசியாத்தான் வந்தாரு. நான் திரும்பிப் பாத்தேன். துண்ட எடுக்குறாரு. அது தொங்குன எடத்துல நீலப் பெயிண்டுல கொட்டை எழுத்து: சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. கீழ வருசமும் போட்டிருக்கு. பெயிண்டு இன்னும் மங்கக்கூட இல்ல.

அந்தப் பிள்ளைய ஓட்டல்ல எறக்கி விட்டுட்டு, காருலயே வச்சுக் கேட்டேன். "அண்ணே, அந்தக் கெணறு தோண்டுனப்ப நாம ரெண்டு பேரும் பொறந்து வளந்து ஓட்டுப் போட்டாச்சு."

"ஆமா."

"பெறகு ஏண்ணே? செம்போத்த சைபீரியான்னீக, சரி. இது ஒருத்தரு குடும்பத்து விசயம்ணே. பாவம்ணே."

அவரு வண்டிய அணைச்சாரு. "காலையிலருந்து எத்தன பேருகிட்டக் கேட்டுச்சு. அம்புட்டுப் பேரும் தெரியாதுன்னுட்டாக. நானும் தெரியாதுன்னு சொல்லிட்டா, அந்தப் பிள்ளை எங்குட்டு நின்னு அழும்?"

எனக்கு மனசு எறங்கல. அழகாப் பேசிட்டா பொய்யி நெசமாயிருமா? ஒரு வாரம் அவருகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அவரும் அதக் கண்டுக்கிட்ட மாதிரியே காட்டிக்கல. நெதம் மேசையத் தட்டி பர்மா தேக்குன்னுட்டுத்தான் சாவி வாங்கிட்டுப் போனாரு.

அதுக்கப்பறம் அவருக்குச் சக்கரை ஏறி, கால்ல புண்ணாகி, மதுரைக்குக் கொண்டு போனாக. பாக்கப் போனேன். அங்க படுத்துக்கிட்டும் மனுசன் சும்மா இல்ல. ஸ்கேன் எடுக்கிற எடம் எங்கன்னு யாரோ கேக்க, படுத்த வாக்குல கைய நீட்டி, "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம்"ங்கிறாரு. பக்கத்துக் கட்டில்காரருக்கு, "ஒங்களுக்கு வெள்ளிக்கிழமை வீடு"ன்னு நாளு குறிச்சுக் குடுத்திருக்காரு. நான் போறப்ப அந்த ஆளு பையெல்லாம் கட்டி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு.

சிரிச்சுட்டு, "டாக்டரு என்னண்ணே சொல்றாரு?"ன்னு கேட்டேன்.

மேல சுத்துற காத்தாடியப் பாத்தாரு. "தெரியல தங்கச்சி"ன்னாரு.

இத்தன வருசமா இந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்கன்னு அவருகிட்டச் சண்டை போட்டவ நானு. சொன்னப்ப அதக் கேக்க முடியல. "ஒண்ணும் இல்லண்ணே, தை பொறந்தா வண்டி எடுத்துருவீக"ன்னு சொன்னேன். என் வாய்தான் சொல்லுச்சு.

அவரு என்னத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

தை பொறக்குறதுக்கு முன்னயே போய்ச் சேந்துட்டாரு. அடக்கத்துக்குப் போனப்ப பாடை கிட்டப்போயி நின்னேன். அவரு இருந்தா அந்த மூங்கிலையும் ரெண்டு தட்டுத் தட்டியிருப்பாருன்னு தோணுச்சு. அழுகையும் சிரிப்பும் சேந்து வந்து, வாயப் பொத்திக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

இந்த வருசம் மழை முடிஞ்சு மலேசியாவுலருந்து போன் வந்துச்சு. அப்பாவக் கூட்டிட்டு வர்றேன், அந்த அண்ணன்தான் ஓட்டணும்னு. நடந்ததச் சொன்னேன். அப்பறம், "உங்களுக்கு இடம் தெரியும்ல அக்கா?"ன்னு கேட்டுச்சு. நான் வாங்கன்னேன்.

அப்பா வந்தாரு. எலும்பும் தோலுமா, கம்பு ஊனி. டாக்டரு வேண்டாம்னாராம், கேக்காம வந்திருக்காரு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்தவராம். புது டிரைவரு கார எடுத்ததுலருந்து வழியில இருக்கிற போர்டு ஒண்ணு விடாம சத்தமா வாசிச்சுக்கிட்டே வர்றாரு. தேவகோட்டை ரஸ்தா. மாட்டுத்தீவனம் கிடைக்கும். காதணி விழாவுக்கு வருகை தரும் உறவினர்களே. எங்க பாத்தாலும் தமிழு, எங்க பாத்தாலும் தமிழுன்னு சின்னப்பிள்ளை மாதிரி சந்தோசம். எனக்கு ஒவ்வொரு போர்டுக்கும் அந்தக் கெணத்து நீல எழுத்துத்தான் கண்ணு முன்னால வந்து நிக்குது.

சொல்லிரணும்னுதான் இருந்தேன். சத்தியமா. தேவகோட்டை தாண்டுறதுக்குள்ள சொல்லிரணும்னு நெனச்சேன். திருவாடானையில டீ குடிக்க எறங்குறப்ப சொல்லிரணும்னு நெனச்சேன். அய்யா, அது வேற கெணறுய்யா, அந்த அண்ணன் ஒரு எரக்கத்துல சொன்னதுய்யான்னு வார்த்தையெல்லாம் கோத்து வச்சிருந்தேன். எங்கய்யா இருந்தா அப்பிடித்தான் சொல்லியிருப்பாரு. டீக்கடையில அந்தப் பெரியவரு கிளாசக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காம, "உங்களுக்கு நல்லாத் தெரியுமாம்மா? அதே இடந்தானே?"ன்னு கேட்டாரு. டீ ஆறுதுய்யா, குடிங்கன்னேன்.

பலகைப் பாதையில மெல்ல நடத்திக் கூட்டிட்டுப் போனோம். ஒரு பக்கம் மக, ஒரு பக்கம் நானு. தூரத்துல பூநாரைக் கூட்டம் ஒண்ணு எந்திரிச்சு வானத்துல வளைஞ்சு திரும்புச்சு. செகப்பும் வெள்ளையுமா கண்ணப் பறிக்குது. "இதெல்லாம் எங்கிருந்தும்மா வருது?"ன்னு கேட்டாரு. கட்ச் பக்கம், குஜராத்துலருந்துன்னு படிச்சிருக்கேன். அதச் சொன்னேன். அது வரைக்கும் நான் ஒழுங்காத்தான் இருந்தேன்.

மணல்ல எறங்குனோம். பனைக்கூட்டம் தெரிஞ்சுச்சு. கெணறு தெரிஞ்சுச்சு. போன தேர்தலுக்கு அந்த எழுத்துக்கு மறுபடி பெயிண்டு வேற அடிச்சிருக்காக, வெயில்ல பளபளன்னு இருக்கு. பெரியவரு கம்ப விட்டுட்டு நிமிந்தாரு. ஒதடு என்னமோ முணுமுணுக்குது. சொல்ல வேண்டிய அந்த வார்த்தைய ஒத்திகை பாக்குறாரு போல.

"நில்லுங்கய்யா"ன்னேன். "பாம்பு கீம்பு கெடக்கான்னு பாத்துட்டு வாரேன்."

வெரசா முன்னால போனேன். ஒரு வாளி தண்ணி எறச்சேன். துப்பட்டாவ உருவி நனைச்சுப் பிழிஞ்சு ஒறை மேல விரிச்சுப் போட்டேன். நீல எழுத்து ஒண்ணும் தெரியலைங்கிறத ரெண்டு தடவை பாத்துக்கிட்டேன். அப்பறம் திரும்பி, "வாங்கய்யா, இதுதான்"னேன்.

அவரு வந்தாரு. ஒறையத் தொட்டாரு. ரெண்டு கை தண்ணி குடிச்சாரு. கடலப் பாத்துத் திரும்பி நின்னு, "ஆத்தா, வந்துட்டோம்"னாரு.

கடல்ல அலையில்ல, ஆனா காத்து நல்லா அடிச்சுச்சு. துப்பட்டா பறந்துறாம ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.